இரண்டாம் பிரிவைப் படிச்சீங்களா?

2025 ஜூலையில் மகாராஷ்டிர சட்டமன்றத்தில் 'விசேஷ ஜன சுரக்ஷா' மசோதா நிறைவேறியபோது, புனேயில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் இரண்டு நாள் ஓடிய கேள்வி இது: "இதனால நமக்கு ஏதாவது தொல்லை வருமா?" ஒருவர் "நக்சலைட்டுக்கான சட்டம்ப்பா, நமக்கென்ன" என்றார். இன்னொருவர் "தடா வந்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார். மூன்றாவது ஆள் வழக்கம்போல குட் மார்னிங் படம் ஒன்றைப் போட்டார். பேச்சு அதோடு நின்றுபோனது.

எனக்கு நிற்கவில்லை. நான் வக்கீல் இல்லை, சாப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளரின் ஒப்பந்தம் கைக்கு வந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் வரையறைகள் இருக்கும் பக்கத்தைப் பார்ப்போம். 'வேலை முடிந்தது' என்றால் எது, 'தாமதம்' என்றால் எது என்று அங்கேதான் எழுதியிருக்கும். அடிதடியெல்லாம் பின்னால் அதை வைத்துத்தான் நடக்கும். நம் நாட்டுச் சட்டங்களிலும் பெரும்பாலும் முதல் பிரிவில் பெயர், இரண்டாம் பிரிவில் வரையறை. தலைப்பில் 'பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். யாரிடமிருந்து பாதுகாப்பு, யார் ஆபத்தானவர் என்பது இரண்டாம் பிரிவில் பொடி எழுத்தில் இருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு 'ஹோம்லேண்ட் செக்யூரிட்டி' பழகிப்போன சொல். 2001 தாக்குதலுக்கு அப்புறம், 2002-ல் அந்தப் பெயரிலேயே ஒரு சட்டமும் ஒரு துறையும் வந்தன. நம் அரசியல் சாசனத்தில் அந்தச் சொல் கிடையாது. 'இந்தியாவின் பாதுகாப்பு' மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. மாநிலப் பட்டியலின் முதல் வரியில் இருப்பது 'பொது ஒழுங்கு', இரண்டாவது வரியில் போலீஸ். ஆக, ஒரு மாநில அரசு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டுமென்றால் பெரும்பாலும் 'பொது ஒழுங்கு' என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதுதான் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிற சண்டை. அந்தச் சண்டையில் இரண்டு ஊர் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. ஒன்று நான் குடியிருக்கும் புனே. இன்னொன்று நம்ம மெட்ராஸ்.

புனேயிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

சிஞ்ச்வடில் இருப்பவர்கள் சாப்பேகர் சௌக்கை தினமும் தாண்டிப் போவீர்கள். கணேஷ்கிண்ட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் தெரிந்திருக்கும். 1897-ல் அது கவர்னர் மாளிகை. அந்த வருஷம் ஜூன் 22-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து அங்கே நடந்தது. முடிந்து திரும்பும்போது வால்டர் ராண்ட் என்ற அதிகாரியையும் அயர்ஸ்ட் என்ற ராணுவ அதிகாரியையும் சாப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3-ஆம் தேதி இறந்தார். ராண்ட்தான் புனே பிளேக் கமிட்டியின் தலைவர். சோல்ஜர்களை வீடு வீடாக அனுப்பி, பூஜை அறை வரைக்கும் நுழைந்து சோதனை போட்ட ஆள் என்று ஊரே கொதித்துக் கிடந்த நேரம் அது.

சுட்டவர்களைப் பிடித்தார்கள், தூக்கில் போட்டார்கள். அது கொலை வழக்கு, அதற்குத் தனியாகச் சட்டம் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பக்கத்திலேயே நடந்த வேறு இரண்டு விஷயங்கள்.

முதலாவது, நாட்டு சகோதரர்கள். புனேயின் பெரிய இடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். 1897 ஜூலையில் அவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், சொத்தையும் முடக்கினார்கள். குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது. எந்தச் சட்டத்தில் என்று பார்த்தால் பம்பாய் ரெகுலேஷன் 25, வருஷம் 1827. எழுபது வருஷப் பழசு! வங்காளத்துக்கு 1818-லேயே இப்படி ஒன்று போட்டிருந்தார்கள், மெட்ராஸுக்கு 1819-ல். மூன்றும் ஒரே குடும்பம். வங்காளச் சட்டத்தின் முன்னுரையைப் படித்தால் அந்தக் காலத்து ஆட்களின் நேர்மையை நினைத்து வியப்பாக இருக்கும். ராஜாங்கக் காரணங்களுக்காக சில சமயம் சிலரை அடைத்துவைக்க வேண்டியிருக்கிறது, அவர்கள்மேல் வழக்குப் போடப் போதுமான ஆதாரம் இல்லாமலும் இருக்கலாம் என்கிற ரீதியில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். ஆதாரம் இல்லாதவர்களுக்கென்றே ஒரு சட்டம்! 'ராஜாங்கக் காரணம்' என்றால் என்ன? வெளி எதிரி, உள் கலவரம், அடுத்த ராஜ்ஜியங்களோடு நட்பு என்று எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் அமராவதியில் கூடிய காங்கிரஸ் இந்தக் கைதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மெட்ராஸிலிருந்து போன வக்கீல் சங்கரன் நாயர். (இந்த வழக்கில் புனேயும் மெட்ராஸும் முதல்முறை கைகுலுக்கியது அங்கேதான் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.)

இரண்டாவது விஷயம் எல்லோருக்கும் தெரிந்த திலகர் வழக்கு. அதில் நடந்த சொல் விளையாட்டு அவ்வளவாகத் தெரியாது. கொலைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டென்று நிரூபிக்க முடியவில்லை. 'கேசரி'யில் வந்த எழுத்துக்காக ராஜத்துரோகம் என்று 124ஏ பிரிவில் வழக்குப் போட்டார்கள். 1870-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதன் மையச் சொல் 'டிஸ்அபெக்ஷன்'. தமிழில் அவப்பற்று, அதிருப்தி, வெறுப்பு என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பம்பாய் ஹைகோர்ட்டில் நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளிடம் அதற்கு அர்த்தம் சொன்னார். 'அபெக்ஷன்' என்றால் அன்பு, அந்த அன்பு இல்லாதது 'டிஸ்அபெக்ஷன்', அவ்வளவுதான் என்றார்! சர்க்கார்மேல் அன்பு இல்லாவிட்டால் குற்றம். வன்முறை நடந்ததா, நடக்கச் சொன்னாரா என்ற கேள்வியே தேவையில்லை. ஒன்பது ஜூரிகளில் ஆறு வெள்ளைக்காரர்கள் குற்றவாளி என்றார்கள், மூன்று இந்தியர்கள் இல்லை என்றார்கள். பதினெட்டு மாதம் கடுங்காவல். லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய், பின்னால் பிரதமரான ஆஸ்குவித் வாதாடியும் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த வருஷம், 1898-ல், சர்க்கார் சட்டத்தையே திருத்தியது. ஸ்ட்ரேச்சி சொன்ன அர்த்தம் ரொம்ப அகலம் என்று சுருக்கவில்லை. வெறுப்பு, இகழ்ச்சி என்ற வார்த்தைகளையும் உள்ளே சேர்த்து, விசுவாசமின்மையும் பகை உணர்ச்சியும் 'டிஸ்அபெக்ஷன்'தான் என்று விளக்கமும் எழுதிவைத்தார்கள். ஒரு நீதிபதி ஒரு வழக்கில் சொன்னதற்கு சட்டப் புத்தகத்திலேயே இடம் கிடைத்துவிட்டது.

அது பத்து வருஷத்தில் எங்கே போய் விடிந்தது தெரியுமா? திருநெல்வேலியில். 1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதித்தார். ராஜத்துரோகத்துக்கு இருபது வருஷம், சுப்ரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது என்பது வேறு கதை. சரியாகப் பதினைந்து நாள் கழித்து, ஜூலை 22-ஆம் தேதி, பம்பாயில் திலகருக்கு இரண்டாம் முறையாக ராஜத்துரோக வழக்கில் ஆறு வருஷம், மாண்டலே சிறை. தூத்துக்குடிக்காரருக்கும் புனேக்காரருக்கும் ஒரே மாதத்தில் ஒரே பிரிவு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பேரின் படத்தையும் காட்டுகிறோம், இந்தத் தேதிகளையும் சேர்த்துச் சொல்லலாம்.

சரி, அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம். சுதந்திரம் வந்து, சொந்தமாக அரசியல் சாசனமும் எழுதியாகிவிட்டது. 1950 ஜனவரி 26 முதல் நாமே ராஜா. அதற்கப்புறம் ஆறே வாரத்தில் மெட்ராஸ் சர்க்கார் இரண்டு உத்தரவு போட்டது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்த இரண்டும்தான்.

பின்னணி கொஞ்சம் சொல்லவேண்டும். கம்யூனிஸ்ட் கட்சியை 1949-ல் மெட்ராஸ் மாகாணத்தில் தடை செய்திருந்தார்கள். 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் துப்பாக்கிச்சூடு நடந்து 22 கைதிகள் இறந்தார்கள். சூடான நேரம். மார்ச் 1-ஆம் தேதி, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகை மெட்ராஸ் மாகாணத்துக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு. காரணம், 'பொதுப் பாதுகாப்பு'. மார்ச் 10-ஆம் தேதி, 'மக்கள் கல்விச் சங்கம்' என்ற அமைப்பு சட்டவிரோதமானது என்று அறிவிப்பு. காரணம், 'பொது அமைதிக்கு ஆபத்து'.

பத்திரிகை ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-ஆம் தேதி தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, மெட்ராஸில் வக்கீலாக இருந்து உயர்ந்தவர். அவர் கேட்டது இரண்டாம் பிரிவுக் கேள்வி. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் ராஜ்ஜியத்தின் பாதுகாப்பைக் குலைக்கிற அல்லது அதைக் கவிழ்க்கிற விஷயமாக இருக்கவேண்டும் என்று அன்றைய சாசனம் சொன்னது. மெட்ராஸ் சட்டம் சொன்னது 'பொதுப் பாதுகாப்பு', 'பொது ஒழுங்கு'. இரண்டும் ஒன்றா? இல்லை என்றார். தெருச்சண்டையும் பொது ஒழுங்குக் கேடுதான், அதனால் ராஜ்ஜியம் கவிழ்ந்துவிடாது. சின்னதற்கும் பெரியதற்கும் ஒரே வார்த்தையைப் போட்டு வைத்திருக்கும் சட்டம் செல்லாது. தடை ரத்து.

சர்க்கார் என்ன செய்தது? 1898 கதைதான் திரும்பவும். 1951-ல் முதல் சாசனத் திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லும் ஏறிக்கொண்டது. நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், கூடவே 'நியாயமான' கட்டுப்பாடு என்ற சொல்லையும் சேர்த்தார்கள். அந்த ஒரு சொல் பின்னால் பலபேரைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது வழக்கு வி.ஜி.ராவ் என்கிற மெட்ராஸ் பாரிஸ்டருடையது. மக்கள் கல்விச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அது பதிவு செய்யப்பட்ட சங்கம். அறிவியல், சமூகவியல் விஷயங்களை மக்களுக்குக் கொண்டுபோவது நோக்கம் என்று அதன் விதிகளில் இருந்தது. அரசு தரப்போ, சங்கத்தின் பணம் செயலாளர் வழியாகக் கட்சிப் பிரசாரத்துக்குப் போகிறது என்றது. எந்தச் சட்டத்தில் தடை? 1908-ல் வெள்ளைக்காரன் போட்ட ஒரு சட்டத்தை மெட்ராஸ் சட்டசபை 1950-ல் திருத்தியிருந்தது. 'சட்டவிரோத சங்கம்' என்று அரசு ஒன்றை அறிவிக்க என்னென்ன காரணம் போதும் என்று அதில் இருந்ததை என் வார்த்தைகளில் சொல்கிறேன், கவனமாகப் பாருங்கள்: பொது அமைதிக்கு ஆபத்தாக இருப்பது, பொது ஒழுங்கைப் பராமரிப்பதில் குறுக்கிடுவது, சட்ட நிர்வாகத்தில் குறுக்கிடுவது. அறிவித்தபின் ஆட்சேபம் இருந்தால் ஆலோசனைக் குழு ஒன்று காகிதங்களைப் பார்த்துச் சொல்லும். கோர்ட் விசாரணை இல்லை. உறுப்பினராகத் தொடர்ந்தாலே சிறை.

மெட்ராஸ் ஹைகோர்ட் ராவ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேல்முறையீடு போனது. 1952 மார்ச் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் ராவ் பக்கம். எழுதியவர் மறுபடியும் பதஞ்சலி சாஸ்திரி, இப்போது தலைமை நீதிபதி. அரசாங்கத்தின் மனசுக்குத் திருப்தி வந்துவிட்டால் போதும் என்பது சங்கம் வைக்கும் உரிமையைப் பறிக்கப் போதாது, அந்தக் காரணங்கள் உண்மையா என்று கோர்ட் பார்க்கவேண்டும், ஆலோசனைக் குழு கோர்ட் ஆகாது என்றார். இன்னொரு குறையையும் பிடித்தார். தடை அறிவிப்பு சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் போய்ச்சேர வேண்டும் என்றுகூட சட்டத்தில் முறையாக இல்லை. தடையே தெரியாத ஒரு உறுப்பினர் குற்றவாளி ஆகிவிடலாம். 'நியாயமான' என்ற சொல்லை எப்படி அளப்பது என்று அந்தத் தீர்ப்பில் அவர் சொன்னதைத்தான் வக்கீல்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

சின்னதாக ஒரு இடைச்செருகல். 1965-ல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதயதுல்லா இந்த மூன்று சொற்களுக்கும் படமே போட்டுக்காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம். வெளி வட்டம் சட்டம்-ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் ராஜ்ஜியத்தின் பாதுகாப்பு. வெளி வட்டத்தில் நடக்கிற எல்லாமே நடு வட்டத்தைத் தொட்டுவிடாது. நம்மூரில் 'குண்டாஸ் போட்டுட்டாங்க' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த 1982 சட்டத்திலும் சாராயம் காய்ச்சுபவர், குடிசை நிலம் அபகரிப்பவர், 2004-லிருந்து திருட்டு விசிடி போடுபவர் எல்லோரும் 'பொது ஒழுங்கு' வட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது வரையறை மூலமாகத்தான். திருட்டு விசிடியால் தயாரிப்பாளருக்கு நஷ்டம், சரி. பொது ஒழுங்கு எப்படிக் கெடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மகாராஷ்டிரத்துக்குத் திரும்புவோம். இங்கே 1999-ல் 'மோக்கா' வந்தது. மும்பை தாதாக்களை ஒடுக்க என்றார்கள், தேவையும் இருந்தது. அதன் இரண்டாம் பிரிவில் 'திட்டமிட்ட குற்றம்' என்பதற்கு வரையறை உண்டு. அதில் பாதி நல்ல கறாராக இருக்கிறது: மூன்று வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம், கடந்த பத்து வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை, அவற்றை கோர்ட் ஏற்றிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்து இருக்கா இல்லையா என்று சொல்லிவிடலாம். மீதிப் பாதி வழவழ. வன்முறை, மிரட்டல் என்று ஆரம்பித்து 'அல்லது வேறு சட்டவிரோத வழி' என்று முடியும். பணம் என்று ஆரம்பித்து 'அல்லது வேறு ஆதாயம்' என்று போகும். கடைசியில் 'கிளர்ச்சியை வளர்ப்பது' என்று ஒரு சொல், அதற்கு வரையறையே இல்லை. கிளர்ச்சி மத்திய அரசின் விஷயமாயிற்றே, மாநிலம் எப்படிச் சட்டம் போடலாம் என்று வழக்குப் போனது. 2010-ல் உச்ச நீதிமன்றம், பொது ஒழுங்கு என்ற வாசல் வழியாக அது வரலாம் என்றுவிட்டது.

புனேயில் பண்ட் கார்டன் போலீஸ் ஸ்டேஷனில் 2002-ல் பதிவான தெல்கி முத்திரைத்தாள் மோசடி வழக்கு இதே மோக்காவில்தான் ஓடியது. மும்பை போலீஸ் கமிஷனராக இருந்த ஒருவரே அதில் கைதானார். 2005-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுக்கும்போது, சட்டத்தில் 'உடந்தை' என்ற சொல்லுக்கு இருக்கும் வரையறையை அப்படியே அகலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தெரிந்தே செய்தாரா என்று பார்க்கவேண்டும் என்றது. போலீஸ் கமிஷனருக்கும் கடைசியில் இரண்டாம் பிரிவுதான் துணை!

2010 பிப்ரவரி 13 நினைவிருக்கும். கோரேகாவ் பார்க்கில் ஜெர்மன் பேக்கரி குண்டுவெடிப்பு, 17 பேர் இறந்தார்கள். அந்த வாரம் ஊரிலிருந்து போன் வராத தமிழ் வீடு புனேயில் இருந்திருக்காது. அதற்கு ஒன்றேகால் வருஷம் முன்னால்தான் மும்பைத் தாக்குதல். ஆகவே பாதுகாப்புச் சட்டமே வேண்டாம் என்று பேசுகிற கட்சி நானில்லை. வீட்டு வாடகைக்குப் போகும்போது போலீஸில் கொடுக்கும் விவரப் படிவத்தை முணுமுணுக்காமல் நிரப்புகிறவன்தான். கேட்பது ஒன்றுதான்: வரையறையில் இருக்கும் வலை, சுறாவுக்குப் பின்னியதா, கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளவா?

2016 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு 'உள்நாட்டுப் பாதுகாப்பு'க்கு என்றே ஒரு வரைவை வெளியிட்டது. அமெரிக்க 'ஹோம்லேண்ட்' வாடைக்கு மிக அருகில் இங்கே வந்தது அதுதான். நூறு பேருக்கு மேல் கூடினால் போலீஸ் அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது. நம்ம ஊர்க் கல்யாணத்தில் சமையல்காரர் கோஷ்டியும் நாதஸ்வர கோஷ்டியும் சேர்ந்தாலே அதில் கால்வாசி வந்துவிடும். எதிர்ப்புக் கிளம்பியது, வரைவு பின்வாங்கப்பட்டது.

பிறகு 2018. சனிவார் வாடாவில் 2017 டிசம்பர் 31 அன்று நடந்த எல்கார் பரிஷத், மறுநாள் கோரேகாவ் பீமாவில் கலவரம், அதைத் தொடர்ந்து புனே போலீஸ் தொடங்கிய வழக்கு. பின்னால் 2020-ல் தேசியப் புலனாய்வு அமைப்புக்குப் போனது. மத்தியச் சட்டமான 'உபா'வில் நடக்கும் வழக்கு என்பதால் மாநிலச் சட்டத்தைப் பற்றிய இந்தப் பதிவில் அதிகம் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம். இந்த ஊரில் ஆரம்பித்த அந்த வழக்கில், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி என்ற பாதிரியார் 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5-ஆம் தேதி, 84 வயதில், மும்பையில் காவலில் இருக்கும்போதே இறந்தார். குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கு விசாரணையே நடக்கவில்லை.

அரசியல்வாதிகளும் தப்புவதில்லை. 2002-ல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடாவில் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் வேலூர் சிறையில் இருந்தார். 'ஆதரவு' என்ற ஒரு சொல். வாயால் சொல்வதும் ஆதரவா என்ற கேள்விக்கு 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதத்துக்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் தார்மிக ஆதரவு குற்றமாகாது என்று சொன்னது. அந்த விளக்கம் வரும்போது அவர் சிறையில்தான் இருந்தார்.

இப்போது 2024. ஜூலையில் 'மகாராஷ்டிர விசேஷ ஜன சுரக்ஷா' மசோதா முதலில் வந்தது. அந்தச் சட்டசபையின் காலம் முடிந்ததால் டிசம்பரில் நாக்பூர் கூட்டத்தொடரில் மறுபடி தாக்கல் செய்து, கூட்டுக் குழுவுக்கு அனுப்பினார்கள். பொதுமக்களிடமிருந்து 12,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன. 2025 ஜூலை 10-ல் சட்டசபையிலும் அடுத்த நாள் மேலவையிலும் நிறைவேறியது.

தாக்கலான வடிவில் 'சட்டவிரோதச் செயல்' என்பதற்கு இரண்டாம் பிரிவில் இருந்த பட்டியலின் தொடக்கத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். பேச்சு, எழுத்து, சைகை, படம் எதன் மூலமாகவும்: பொது ஒழுங்குக்கும் அமைதிக்கும் ஆபத்தாக இருப்பது, பொது ஒழுங்கைப் பராமரிப்பதில் குறுக்கிடுவது, அல்லது குறுக்கிடும் போக்கு கொண்டிருப்பது, சட்ட நிர்வாகத்தில் குறுக்கிடுவது, அல்லது குறுக்கிடும் போக்கு கொண்டிருப்பது.

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? மேலே போய் 1950 மெட்ராஸ் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மூன்றும் வரிசைக்கிரமமாக அப்படியே! சத்தீஸ்கரின் 2005-ஆம் வருஷச் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதே பட்டியல். அந்தச் சட்டத்தில்தான் 2007-ல் டாக்டர் பினாயக் சென் கைதானார், 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது.

பட்டியலின் பின்பகுதியில் வெடிகுண்டு, துப்பாக்கி, ரயிலை மறிப்பது எல்லாம் வருகிறது. அதில் யாருக்கும் சண்டையில்லை. நிற்கவைப்பது கடைசி இரண்டு: சட்டத்துக்கும் அதன் அமைப்புகளுக்கும் கீழ்ப்படியாமல் இருக்க ஊக்குவிப்பது, இந்தக் காரியங்களுக்காகப் பணமோ பொருளோ திரட்டுவது. முதலாவதைப் படித்தால் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜியும் தேறமாட்டார். இரண்டாவது, நாமெல்லாம் தினசரி செய்கிற காரியத்துக்குப் பக்கத்தில் வருகிறது. வெள்ள நிவாரணம், ஊர்க்கோயில், படிப்பு உதவி என்று வெளியூர்த் தமிழர்கள் சேர்ந்தாலே முதலில் ரசீது புத்தகம்தான் அச்சாகும். மக்கள் கல்விச் சங்கமும் பதிவு செய்து ரசீது கொடுத்த சங்கம்தான். அரசு ஒரு அமைப்பை சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டால், கூட்டத்துக்குப் போகும் உறுப்பினருக்கு மூன்று வருஷம் வரை, உறுப்பினராக இல்லாமல் நன்கொடை கொடுத்தவருக்கு இரண்டு வருஷம் வரை, செயலில் இறங்கியவருக்கு ஏழு வருஷம் வரை. எல்லாமே ஜாமீனில் வரமுடியாத குற்றங்கள்.

தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை, அந்த மாதிரி பூச்சாண்டி காட்டுவதும் தப்பு. அந்த வாட்ஸப் நண்பர் 'நக்சலைட்டுக்கான சட்டம்' என்று சொன்னதற்குத்தான் பதில். கூட்டுக் குழுவுக்கு அப்புறம் சில மாற்றங்கள் வந்தன. விசாரணை அதிகாரியின் பதவி சப்-இன்ஸ்பெக்டரிலிருந்து டி.எஸ்.பி. ஆனது. ஆலோசனைக் குழுவின் அமைப்பு மாறி, தலைமைக்கு ஹைகோர்ட் நீதிபதி வந்தார். முன்னுரையில் தனிநபர்கள், அமைப்புகள் என்று பொதுவாக இருந்ததை எடுத்துவிட்டு, இடதுசாரித் தீவிரவாத அமைப்புகளும் அவை போன்றவையும் என்று எழுதினார்கள். இனி மற்றவர்கள் பயப்பட வேண்டாம் என்று அதைக் காட்டித்தான் சமாதானம் சொல்லப்படுகிறது.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. முன்னுரையில் 'அவை போன்றவை' என்பதற்கு அளவுகோல் என்ன? மேடைகளில் ஓயாமல் கேட்கும் 'அர்பன் நக்சல்' என்ற சொல்லுக்கும் சட்டப்படி வரையறை கிடையாது. அதோடு, பிரிவின் வாசகம் தெளிவாக இருந்தால் முன்னுரையைக் காட்டி அதைச் சுருக்க முடியாது என்பது கோர்ட்டுகளின் பழைய வழக்கம். வி.ஜி.ராவ் வழக்கில் ஆலோசனைக் குழு இருந்தும் சட்டம் நிற்கவில்லை. காரணங்கள் உண்மைதானா என்று ஒரு கோர்ட் உட்கார்ந்து பார்க்க வழி இல்லை என்பதுதான் பதஞ்சலி சாஸ்திரி கண்ட ஓட்டை. மத்தியச் சட்டமான உபாவிலாவது ஒரு அமைப்பைத் தடை செய்தால் ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் தீர்ப்பாயம் உட்கார்ந்து இரு தரப்பையும் விசாரிக்கவேண்டும். மாநில மசோதா அதை விட்டுவிட்டு, 1950-ல் மெட்ராஸ் போன ஆலோசனைக் குழு வழியையே எடுத்திருக்கிறது.

சட்டசபையில் இதை எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர், மார்க்சிஸ்ட் கட்சியின் தஹானு உறுப்பினர் வினோத் நிகோலே.